ஒன்று இரண்டான கதை

1911 மே 15, திங்கட்கிழமை. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே போகாண்டிகோ குன்றுகளில், தன் எஸ்டேட்டுக்குள்ளேயே அமைத்திருந்த மைதானத்தில் ஜான் டி. ராக்ஃபெல்லர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். உடன் ஆடியவர் லென்னன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். ஆட்டத்தின் நடுவில் வாஷிங்டனிலிருந்து செய்தி வந்தது. 1870-இல் ராக்ஃபெல்லர் தொடங்கி, அமெரிக்காவின் எண்ணெய் வியாபாரத்தையே கைக்குள் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கெடு ஆறு மாதம்.

ராக்ஃபெல்லர் பதறவில்லை. கையில் பணம் இருக்கிறதா என்று பாதிரியாரைக் கேட்டார். இல்லை என்றார் பாதிரியார். இருந்தால் ஸ்டாண்டர்டு ஆயில் பங்கு வாங்குங்கள் என்று சொன்னாராம் ராக்ஃபெல்லர். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் விரும்பிச் சொல்லும் சம்பவம் இது. துண்டு துண்டாக உடையப்போகிற கம்பெனியின் பங்கை எந்த வியாபாரியாவது வாங்கச் சொல்வாரா?

தலைமை நீதிபதி எட்வர்ட் வைட் தீர்ப்பில் சொன்னது எளிது. போட்டியாளர்களை நசுக்கி வளர்ந்த ஏகபோகம் இது, 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்துக்கு விரோதமானது, ஆகவே கலைக்கவேண்டும். ஆனால் எப்படிக் கலைப்பது? நியூ ஜெர்ஸியில் இருந்த தாய்க் கம்பெனியின் கையில் 33 துணைக் கம்பெனிகள் இருந்தன. ஒருவன் எண்ணெய் எடுப்பான், ஒருவன் சுத்திகரிப்பான், ஒருவன் குழாயில் அனுப்புவான், ஒருவன் விற்பான். இவற்றை ஏலம் போட்டு விற்கலாம் என்றால், அவ்வளவு பணம் வைத்திருக்கும் ஆள் வேண்டுமே? ராக்ஃபெல்லர் அளவுக்குப் பணக்காரர் அன்றைய அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஒருவர்தான்.

கடைசியில் கையாண்ட வழி, விற்காமல் பங்கிடுவது. தாய்க் கம்பெனியின் பெட்டியில் இருந்த 33 கம்பெனிகளின் பங்குகளையும் எடுத்து, தாய்க் கம்பெனியில் யார் யாருக்கு எத்தனை பங்கு இருக்கிறதோ அந்த விகிதத்தில் அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவது. யாரும் ஒரு டாலர்கூடக் கொடுக்கவேண்டாம். தாய்க் கம்பெனியின் மொத்தப் பங்குகள் 9,83,383. ஆகவே ஒரே ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு ஒவ்வொரு துணைக் கம்பெனியிலும் கிடைத்தது 9,83,383-ஐக் கீழே போட்ட ஒரு பின்னம். அந்தப் பின்னங்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சான்றிதழ் எழுதினார்கள். 1911 டிசம்பரில் பங்கீடு நடந்தது. எல்லோரும் ராக்ஃபெல்லரின் வீழ்ச்சியைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

நடந்தது நேர்மாறு. 1912 ஜனவரியில் 360 டாலராக இருந்த நியூ ஜெர்ஸி ஸ்டாண்டர்டு ஆயில் பங்கு அக்டோபரில் 595 ஆனது. நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில் 260-லிருந்து 580-க்குப் போனது. இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயிலின் பங்கு 3,500 டாலரிலிருந்து 9,500-க்குத் தாவியது. எல்லாக் கம்பெனிகளிலும் ஏறக்குறைய கால்வாசி ராக்ஃபெல்லரிடம் இருந்தது. தண்டனை என்று நினைத்துக் கொடுத்த தீர்ப்பு, இரண்டே வருஷத்தில் அவருடைய செல்வத்தை மூன்று மடங்கு ஆக்கியது.

காரணம் என்ன? ஒன்று, அதுவரை ஸ்டாண்டர்டு ஆயிலின் கணக்குப் புத்தகத்தை வெளியார் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. குழந்தைகள் தனித்தனியாகச் சந்தைக்கு வந்தபோதுதான் ஒவ்வொன்றும் எவ்வளவு கொழுத்திருந்தது என்பது வெளியே தெரிந்தது. இன்னொரு காரணம் இந்தியானா மாநிலத்தின் வைட்டிங் ஆலையில் ஒளிந்திருந்தது.

அங்கே வில்லியம் பர்ட்டன் என்ற வேதியியலாளர், கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கி உடைத்து, ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு பெட்ரோல் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மோட்டார் கார் பெருகிக்கொண்டிருந்த காலம். உலைகள் கட்ட பத்து லட்சம் டாலர் வேண்டும் என்று கேட்டார். நியூயார்க் தலைமையகம் பயந்தது. உலை வெடித்தால் என்ன ஆவது என்று கோரிக்கையைத் தள்ளிவிட்டது. பிரிவினைக்குப் பிறகு இந்தியானா கம்பெனிக்கு நியூயார்க்கைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பர்ட்டனுக்குப் பணம் கிடைத்தது. 1913-இல் காப்புரிமை வந்தது. பெரிய வீட்டில் அமுங்கிக் கிடக்கும் தொழில், தனியே விட்டால் ஓடும் என்பதற்கு முதல் சாட்சி அந்த உலைகள்தான் என்பது என் எண்ணம்.

ஒரு கம்பெனியை, பணம் கைமாறாமல், அதன் சொந்தக்காரர்களுக்கே இரண்டாகவோ இருபதாகவோ பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு இப்படித்தான் வணிக உலகின் கண்ணில் பட்டது. நீதிமன்றம் கட்டாயப்படுத்தாமலே சிலர் அதைச் செய்துபார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் 1913-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் அமலுக்கு வந்திருந்தது. வருமான வரி பிறந்திருந்தது.

1914-இல் உச்ச நீதிமன்றம், மாநிலம் விட்டு மாநிலம் எண்ணெய் அனுப்பும் குழாய்த் தடங்கள் ரயில்வே போலப் பொதுப் போக்குவரத்துதான், அரசு ஆணையத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டவைதான் என்று சொல்லிவிட்டது. எண்ணெய்க் கிணறும் குழாயும் ஒரே கம்பெனியில் இருந்தால் இரண்டுமே கண்காணிப்பில் மாட்டும் என்ற கவலை பிறந்தது. ஸ்டாண்டர்டு ஆயிலிலிருந்து பிரிந்த ஓஹையோ ஆயில், ப்ரெய்ரி ஆயில் அண்ட் கேஸ் இரண்டும் குழாய்களை மட்டும் புதுக் கம்பெனிகளுக்கு மாற்றின. அந்தப் புதுப் பங்குகளைத் தங்கள் பங்குதாரர்களுக்கு விகிதப்படி கொடுத்தன. பங்குதாரர்களில் பெரியவர் யார்? மறுபடி ராக்ஃபெல்லர்தான். இந்தமுறை வாசலில் வந்து நின்றது வருமான வரித் துறை.

புதுப் பங்கு கிடைத்தது வருமானம், அதற்கு வரி கட்டு என்றது துறை. என்னிடம் முன்பு இருந்ததுதான் இப்போது இரண்டு காகிதமாக இருக்கிறது, எனக்கு எதுவும் கூடவில்லை என்றார் ராக்ஃபெல்லர். வாதத்தில் நியாயம் இருந்தது. அதற்கு ஆதரவாக 1920-இல் ஒரு தீர்ப்பும் வந்திருந்தது. கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயிலில் 2,200 பங்கு வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு, அதே கம்பெனி இன்னும் 1,100 பங்கு கொடுத்தபோது, அது வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு நீதிபதி வித்தியாசத்தில் சொல்லியிருந்தது. அதே தர்க்கம் தனக்கும் பொருந்தும் என்று நம்பி நீதிமன்றம் போனார் ராக்ஃபெல்லர்.

1921 நவம்பர் 21 அன்று தீர்ப்பு வந்தது. அந்தப் பெண்மணிக்குக் கிடைத்தது அதே கம்பெனியின் பங்கு. ராக்ஃபெல்லருக்குக் கிடைத்ததோ வேறு கம்பெனியின் பங்கு. சட்டத்தின் கண்ணில் புதுக் கம்பெனி புது ஆள். பழைய கம்பெனி சேர்த்து வைத்திருந்த லாபம் அதன் வழியாகப் பங்குதாரர் கைக்கு வந்துவிட்டது. ஆகவே வருமானம்தான். தோற்றார். அவரோடு, இதேபோன்ற வழக்கில், டியூபான்ட் கம்பெனியின் பங்குதாரர் ஒருவரும் அன்றே தோற்றார். பிரித்துக் கொடுத்தால் கையில் பணமே வராமல் வரி மட்டும் வரும் என்ற நிலை. எந்தப் பங்குதாரர் இனி இதற்குச் சம்மதிப்பார்?

மூன்றே வருஷத்தில் காற்று மாறியது. தொழில் காரணங்களுக்காகக் கம்பெனிகள் உருமாறும்போது, பங்குதாரர் கையில் பணம் வராதவரை வரி போடுவது நியாயமில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நினைத்தது. 1924-ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு வந்தது. மறுசீரமைப்பின்போது, பழைய பங்கைத் திருப்பிக் கொடுக்காமலே புதுக் கம்பெனியின் பங்கைப் பெற்றவருக்கு அப்போதைக்கு வரி இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. புதுக் கம்பெனி எத்தனை நாள் உயிரோடு இருக்கவேண்டும் என்று எழுதவில்லை. அதில் ஏதாவது தொழில் நடக்கவேண்டும் என்றும் எழுதவில்லை. அந்த இரண்டு இல்லாத வரிகளையும் நியூயார்க்கில் ஒருவர் கவனித்துவிட்டார்.

எவலின் கிரிகரி அம்மையாருக்கு யுனைடெட் மார்ட்கேஜ் என்ற கம்பெனி முழுக்கச் சொந்தம். அந்தக் கம்பெனியின் பெட்டியில் மானிட்டர் செக்யூரிட்டீஸ் என்ற இன்னொரு கம்பெனியின் 1,000 பங்குகள் இருந்தன. விலை ஏறியிருந்தது. விற்றுக் காசாக்க ஆசை. ஆனால் நேராக எடுத்தால் அது டிவிடெண்ட் ஆகிவிடும், வரி அதிகம். மூலதன லாபமாகக் காட்ட முடிந்தால் வரி பாதிக்குக் கீழே இறங்கும். எப்படிக் காட்டுவது?

1928 செப்டம்பர் 18 அன்று டெலவேர் மாநிலச் சட்டப்படி ஏவரில் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பதிவானது. மூன்றாம் நாள், யுனைடெட் மார்ட்கேஜ் தன்னிடமிருந்த 1,000 மானிட்டர் பங்குகளை ஏவரிலுக்கு மாற்றியது. ஏவரிலின் பங்குகள் அனைத்தும் கிரிகரி அம்மையார் பெயருக்கு வந்தன. செப்டம்பர் 24 அன்று ஏவரில் கலைக்கப்பட்டது. அதன் ஒரே சொத்தான 1,000 பங்குகளும் அவர் கைக்கு வந்தன. உடனே 1,33,333 டாலர் 33 சென்ட்டுக்கு விற்றார். அடக்க விலை என்று ஒரு தொகையைக் கழித்து, 76,007 டாலர் 88 சென்ட் மூலதன லாபம் என்று கணக்குக் காட்டினார். ஏவரில் உயிரோடு இருந்த ஆறு நாட்களில் அது வேறு எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை, யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. சட்டத்தில் சொன்ன ஒவ்வொரு படியும் எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது.

வரித் துறை ஏற்கவில்லை. ஏவரில் என்ற ஒன்று இருந்ததாகவே கருத முடியாது என்றது. வழக்கு வரி முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 1932-இல் வாரியம் கிரிகரி அம்மையார் பக்கம் நின்றது. இவ்வளவு நுணுக்கமாக எழுதிய சட்டத்தை எழுத்துப்படிதான் படிக்கவேண்டும், அதன்படி அவர் செய்தது சரி. ஆறு நாள் கம்பெனி ஜெயித்துவிட்டது. இதே வழியில் போக எத்தனை பேர் காத்திருந்தார்களோ!

மேல்முறையீடு லெர்னட் ஹேண்ட் என்ற நீதிபதியிடம் வந்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமலே அமெரிக்காவின் மிகப் பெரிய நீதிபதிகளில் ஒருவராகப் பெயர் எடுத்தவர். இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவர்தான். 1934 மார்ச்சில் அவர் எழுதிய தீர்ப்பின் முதல் பாதியைப் படித்தவர்கள் கிரிகரி அம்மையார் ஜெயித்ததாகவே நினைத்திருப்பார்கள். ஒருவர் தன் வரியைக் குறைக்கும்படி தன் விவகாரங்களை அமைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அரசாங்கத்துக்கு அதிக வரி கிடைக்கும் வழியைத் தேடிப் பிடித்து நடக்கவேண்டும் என்ற தேசபக்திக் கடமை யாருக்கும் கிடையாது என்று எழுதினார். வரி ஆலோசகர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வரி அது. அடுத்த பாதியில்தான் திருப்பம் இருந்தது.

சொற்களைத் தனித்தனியாகக் கூட்டினால் வாக்கியத்தின் பொருள் வந்துவிடாது, சுரங்களைக் கூட்டினால் மெட்டு வந்துவிடாததைப் போல என்றார் ஹேண்ட். மறுசீரமைப்பு என்று சட்டம் சொன்னபோது அதன் மனத்தில் இருந்தது ஒரு தொழிலை நடத்துவதற்காகச் செய்யும் மாற்றம். ஏவரில் எந்தத் தொழிலையும் நடத்தப் பிறக்கவில்லை. ஆகவே எழுத்து சரி, காரியம் தவறு. 1935 ஜனவரி 7 அன்று உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதையே சொன்னது. நீதிபதி சதர்லாண்ட் அதை மறுசீரமைப்பு வேஷம் கட்டிய சொத்து மாற்றம் என்றார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே, 1934 மே மாதம், காங்கிரஸ் பொறுமை இழந்துவிட்டிருந்தது. கிரிகரி அம்மையார் நுழைந்த கதவையே பெயர்த்து எடுத்துவிட்டது. 1924-இல் கொடுத்த உட்பிரிவு நீக்கப்பட்டது. குற்றம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே தண்டனை. நேர்மையான காரணத்துக்காகப் பிரிய நினைத்த கம்பெனிகளும் சேர்ந்து மாட்டின. பதினேழு வருஷம் அந்தக் கதவு சுவராகவே இருந்தது.

1951-இல் மறுபடி திறந்தது, இந்தமுறை காவலோடு. பிரிகிற இரண்டு கம்பெனிகளும் தொடர்ந்து தொழில் நடத்தவேண்டும். சேர்த்து வைத்த லாபத்தைப் பங்குதாரருக்குக் கடத்தும் தந்திரமாக இருக்கக்கூடாது. 1954-இல் இன்னும் இறுக்கினார்கள். வரிச் சட்டத்தின் 355-ஆவது பிரிவு பிறந்தது. பிரிகிற தொழில் குறைந்தது ஐந்து வருஷம் உண்மையாக நடந்த தொழிலாக இருக்கவேண்டும். ஆறு நாள் கம்பெனிக்கு ஐந்து வருஷக் காவல். அந்தப் பிரிவு இன்றும் அமெரிக்காவில் அமலில் இருக்கிறது. வக்கீல்கள் மூன்று பெயர்களும் வைத்தார்கள். பழைய பங்கும் இருக்கப் புதுப் பங்கும் கிடைத்தால் ஸ்பின்-ஆஃப்; பழையதில் கொஞ்சம் கொடுத்துப் புதியதை வாங்கினால் ஸ்ப்ளிட்-ஆஃப்; தாய்க் கம்பெனியே மறைந்து குழந்தைகள் மட்டும் மிஞ்சினால் ஸ்ப்ளிட்-அப். இவற்றில் எதுவும் இந்தியாவில் ஒட்டவில்லை. இங்கே ஒட்டிய பெயர் பிரிட்டனிலிருந்து வந்தது.

பிரிட்டனிலும் பிரித்துக் கொடுத்த பங்கை டிவிடெண்டாகவே வரித் துறை பார்த்துக்கொண்டிருந்தது. 1980-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதற்கு விலக்கு கொடுத்தது. அந்த விலக்கு இருந்த அட்டவணையின் தலைப்பில் இருந்த சொல் டீமெர்ஜர். இணைப்புக்கு மெர்ஜர், இணைந்ததைப் பிரித்தால் டீமெர்ஜர். 1991-இல் ரேகல் என்ற மின்னணுக் கம்பெனி தன் செல்போன் தொழிலை அந்த வழியில் தனியே விட்டது. அதன் பெயர் வோடஃபோன். ஆனாலும் அந்தச் சொல்லை லண்டன் வீதிக்குக் கொண்டுவந்தது இன்னொரு சண்டை.

ஐ.சி.ஐ. என்ற இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ், பிரிட்டிஷ் தொழிலின் கோபுரம். 1926-இல் நான்கு ரசாயனக் கம்பெனிகளை ஒன்றாக்கிப் பிறந்தது. அதற்கான பேச்சுவார்த்தையை ஆல்ஃப்ரெட் மாண்டும் ஹாரி மெக்கோவனும் அக்விடேனியா கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது முடித்து, கப்பலின் கடிதத்தாளிலேயே எழுதிவைத்தார்கள். பாலித்தீன் அதன் ஆய்வகத்தில் 1933-இல் பிறந்தது. டியூலக்ஸ் பெயிண்ட் அதனுடையது. இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் பேர்பெற்ற மருந்துகளைக் கண்டுபிடித்த மருந்துப் பிரிவும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் சந்தை அதை ஒரு ரசாயனக் கம்பெனியாகவே பார்த்தது. ரசாயன விலை இறங்கினால் மருந்தும் சேர்ந்து இறங்கும்.

1991 மே மாதம் லார்டு ஹான்சன் அதன் 2.8 சதவீதப் பங்குகளை வாங்கினார். தூங்கும் கம்பெனிகளை வாங்கி, துண்டு போட்டு விற்றுப் பெயர் பெற்றவர். பிரிட்டன் அதிர்ந்தது. ஐ.சி.ஐ. தலைவர் டெனிஸ் ஹெண்டர்சன் சும்மா இருக்கவில்லை. ஹான்சன் கம்பெனியைத் தோண்டினார்கள். ஹான்சனின் கூட்டாளி லார்டு ஒயிட்டின் பந்தயக் குதிரைகளில் கம்பெனிப் பணம் போன கதை பத்திரிகைகளில் வெளிவந்தது. மானம் போனது. கம்பெனியை முழுதாக வாங்கும் அறிவிப்பு வராமலே 1992 மே மாதம் ஹான்சன் பங்குகளை விற்றுவிட்டு விலகினார். கோட்டை தப்பியது. ஆனால் இந்தக் கலவரத்தில் ஐ.சி.ஐ.க்குள் ஒரு கேள்வி புகுந்துவிட்டது.

வெளியாள் வந்து துண்டு போட்டால் லாபம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நாமே ஏன் செய்யக்கூடாது? வார்பர்க் வங்கியில் இருந்த ஜான் மேயோ அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். மருந்து, பூச்சிமருந்து, சிறப்பு ரசாயனங்கள் ஒரு பக்கம். பெயிண்ட், பிளாஸ்டிக், வெடிமருந்து, கன ரசாயனங்கள் மறுபக்கம். 1993 ஜூன் 1 அன்று பிரிந்தது. ஒரு ஐ.சி.ஐ. பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு புதுப் பங்கு. மருந்துப் பக்கமான புதுக் கம்பெனிக்கு எந்த மொழியிலும் கெட்ட அர்த்தம் வராத, நாக்கில் எளிதாகப் புரளும் பெயர் வேண்டும் என்று காசு கொடுத்து உருவாக்கினார்கள். ஸெனக்கா.

1999-இல் ஸெனக்கா ஸ்வீடனின் ஆஸ்ட்ராவோடு இணைந்தது. 2021-இல் கொரோனாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான கைகளில் ஏறிய கோவிஷீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராஸெனக்காவும் சேர்ந்து உருவாக்கி, புனே சீரம் நிறுவனம் தயாரித்தது. பிரிந்த பிள்ளை அவ்வளவு தூரம் வந்தது. தாய்க் கம்பெனியோ 2008-இல் நெதர்லாந்தின் ஆக்ஸோ நோபலுக்குப் போனது. துண்டு போட வந்த ஹான்சன் கம்பெனி? 1996-இல் தன்னையே நான்காகப் பிரிக்கப்போவதாக அறிவித்தது. புகையிலை, ரசாயனம், மின்சக்தி, கட்டுமானப் பொருள். அதற்குப் பெயரும் டீமெர்ஜர்தான்.

இந்தியாவில் பிரிய விரும்பிய கம்பெனிகள் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் திட்டம் கொடுத்து அனுமதி வாங்கின. வரிச் சட்டத்தில் மட்டும் அந்தச் சொல் இல்லை. யஷ்வந்த் சின்ஹா நிதியமைச்சராக இருந்தபோது வந்த 1999-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை முதன்முதலாக வரையறுத்தது. பிரிகிற பகுதி, நடந்துகொண்டிருக்கும் தொழிலாகவே மாறவேண்டும். அதன் சொத்தும் கடனும் சேர்ந்தே போகவேண்டும். மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத பங்குதாரர்கள் புதுக் கம்பெனியிலும் பங்குதாரர் ஆகவேண்டும். தொழில் என்று சொல்ல முடியாத தனிச் சொத்தை மட்டும் எடுத்து மாற்றினால் அது டீமெர்ஜர் ஆகாது. 1,000 மானிட்டர் பங்குகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஏவரில் இந்தியாவில் பிறந்திருந்தால், வாசலிலேயே நின்றிருக்கும்.

அந்தச் சொல் ஆறே வருஷத்தில் தேநீர்க் கடைவரை வந்தது. ரிலையன்ஸ் அதிபர் திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் காலமானார். மகன்கள் முகேஷுக்கும் அனிலுக்கும் இடையே மூண்ட சண்டையை 2005 ஜூன் 18 அன்று தாய் கோகிலாபென் தீர்த்துவைத்தார். பத்திரிகைகள் அதைப் பாகப்பிரிவினை என்றே எழுதின. ஆனால் பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு வயல், தம்பிக்கு வீடு. கம்பெனியில் லட்சக்கணக்கான பிற பங்குதாரர்களும் இருக்கிறார்களே, அவர்களை எந்தப் பக்கம் அனுப்புவது? டீமெர்ஜரில் அந்தச் சிக்கலே இல்லை. எல்லோருக்கும் எல்லாவற்றிலும் பங்கு. ஒரு ரிலையன்ஸ் பங்குக்கு நான்கு புதுக் கம்பெனிகளிலும் ஒவ்வொரு பங்கு கிடைத்தது. குடும்பத்தின் பங்குகள் மட்டும் பிறகு அண்ணன் தம்பிக்கிடையே கைமாறி, பிரிவினை முடிந்தது. தொலைபேசி, மின்சாரம், நிதி எல்லாம் அனில் பக்கம் போயின.

பதினெட்டு வருஷம் கழித்து, 2023 ஜூலை 20 காலை. பங்குச் சந்தை 9 மணிக்கு ரிலையன்ஸ் பங்குக்கு மட்டும் ஒரு மணி நேரத் தனி அமர்வு நடத்தியது. முந்தைய நாள் அந்தப் பங்கு தேசியப் பங்குச் சந்தையில் 2,841 ரூபாய் 85 காசுக்கு முடிந்திருந்தது. பழைய நிதித் தொழில் அனில் பக்கம் போனபின் மறுபடி வளர்த்த நிதித் தொழில் அன்றிலிருந்து அதற்குள் இல்லை. அந்தத் தொழில் இல்லாத ரிலையன்ஸுக்கு வாங்குபவர்களும் விற்பவர்களும் சேர்ந்து வைத்த விலை 2,580 ரூபாய். இடைவெளி 261 ரூபாய் 85 காசு. அதுதான், அந்தத் தொழிலோடு பிரிந்து இன்னும் சந்தைக்கு வராத ஜியோ ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பங்கின் முதல் விலை. ஆகஸ்டில் அந்தப் பங்குகள் ஓசைப்படாமல் டீமேட் கணக்குகளில் வந்து உட்கார்ந்தன. கேட்கவில்லை, விண்ணப்பம் போடவில்லை, காசு கொடுக்கவில்லை; பங்குதாரர் பட்டியல் எடுத்த ரெக்கார்டு டேட் அன்று ரிலையன்ஸ் பங்கு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் 21 அன்று பட்டியலிடப்பட்டது. 2025 ஜனவரியில் இதேபோல் ஐ.டி.சி. பங்கு பத்துக்கு ஒன்று என்று ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் வந்தது. பலர் இப்படி வந்த பங்குகளைப் போனஸ் என்றுகூட நினைத்தார்கள்.

போனஸும் இல்லை, இனாமும் இல்லை. ரிலையன்ஸே ஒரு விகிதத்தை அறிவித்தது. பழைய ரிலையன்ஸ் பங்கை வாங்கிய விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கு, 4.68 சதவீதம் ஜியோ ஃபைனான்ஷியலுக்கு. 2,000 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கியவருக்கு, ரிலையன்ஸின் அடக்க விலை இனி 1,906 ரூபாய் 40 காசு. ஜியோ பங்கின் அடக்க விலை 93 ரூபாய் 60 காசு. வாங்கிய தேதியும் மாறவில்லை. பழைய பங்கை என்று வாங்கினாரோ, புதுப் பங்கையும் அன்றே வாங்கியதாகக் கணக்கு. பங்கு கணக்கில் ஏறிய நாளில் வரி ஒன்றும் இல்லை. விற்கிற நாளில், விற்ற விலையிலிருந்து அந்த 93 ரூபாய் 60 காசைக் கழித்தபிறகுதான் வரித் துறைக்கு வேலை.